கொல்லாத வீட்டுப் பெண்ணின் பூச்சிப் பெட்டி

எங்கள் வீட்டில் கொசுவைக்கூட அடிக்க மாட்டோம். கையில் வந்து உட்கார்ந்தால் ஊதி விடுவோம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான், பூச்சி பிடித்துக் கொன்று ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்க வேண்டிய படிப்புக்கு என்னை அனுப்பிவைத்தார்கள். அதில் பூச்சி உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். விவசாயக் குடும்பம், விவசாயப் படிப்பு, இதற்குமேல் பொருத்தம் பார்க்க என்ன இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

நாங்கள் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைக்கும் தமிழ்ச் சமணர்கள். ஊரில் எங்களை நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். எங்கள் கழனி தாமல் பக்கம், ஏரிப் பாசனம். நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், எல்லாரும் செய்வதைத்தான் செய்வோம், மருந்து அடிப்போம். ஆனால் அப்பா அடிக்க மாட்டார். அதற்கென்று பக்கத்துத் தெருவில் ஒருவர் உண்டு. மருந்தை அவரே கடையில் வாங்கி, அவரே கலந்து, அவரே அடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு அப்பா கழனிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். வீட்டிலும் அந்தப் பேச்சு இருக்காது. எல்லா நயினார் வீட்டிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்படி.

எனக்குப் பிடித்தது கணிதம். பிடித்தது என்றால், மற்றவர்கள் டிவி பார்க்க உட்கார்வதுபோல நான் கணக்குப் போட உட்கார்வேன். பன்னிரண்டாம் வகுப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம்தான் கணக்குக்கு வந்தார்கள். ரிசல்ட் வந்ததும் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சிரித்தார்.

“கணக்குப் படிச்சி இன்னாமா பண்ணுவ? டியூஷன் எடுப்ப. அத இப்பவே எடுத்துக்கினுதானே இருக்குற?”

பிறகு தன் மனதில் இருந்ததைச் சொன்னார். வேளாண்மை ஆபீசில் விதை நெல்லுக்காகப் போய் நிற்கும்போதெல்லாம், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டாராம். பேசினால் பாதிப் பேச்சில் போனை எடுத்துக்கொள்வாராம். “அந்த சேர்ல நீ ஒக்காரணும்மா. நான் வந்து நின்னா ‘ஒக்காருப்பா’ன்னு நீ சொல்லணும்.” இப்படி ஒருவர் கேட்கும்போது எனக்குத் தொகை நுண்கணிதம் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். உறவில் கேட்டவர்கள் எல்லாரும் உனக்குன்னே பண்ணி வச்ச படிப்பு என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்தது.

கல்லூரி தனியார் கல்லூரி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து, திங்கள் காலை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவேன். ஏனாத்தூரில் பஸ் பாதி காலியாகும். என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி அங்கே இறங்குவாள். அங்கிருந்த கல்லூரியில் அவள் கணிதம் படித்தாள். பள்ளியில் என்னிடம் சந்தேகம் கேட்டவள். இறங்கும்போது “வரட்டுமாடீ” என்று தோளைத் தட்டிவிட்டுப் போவாள். நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். அடுத்த ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கம்பியில் சாய்த்திருப்பேன். பஸ் பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

விவசாயி மகளுக்கு விவசாயம் தெரிந்திருக்கும் என்று கல்லூரியிலும் நினைத்தார்கள். முதல் வயல் வகுப்பில் ஐயா ஒருவர் என்னைத்தான் முன்னால் கூப்பிட்டு நாற்று நடச் சொன்னார். நான் கழனிக்குப் போனதெல்லாம் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க, வரப்பு வரைக்கும். சேற்றில் கால் வைத்தவுடன் வழுக்கி உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, நெற்பயிரை வாழ்நாளில் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தவள், என்னைவிட நேராக நட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்து பாவாடையை அலசும்போது எனக்கு அழுகை வந்தது.

அது ஒரு நாள் கதை என்றால் விட்டுவிடலாம். மண்ணியல், உழவியல், பயிர் நோயியல் என்று எதைத் திறந்தாலும் எனக்கு உள்ளே ஒட்டவில்லை. மனப்பாடம் செய்து எழுதினேன், எழுதி முடித்ததும் மறந்தேன். வகுப்பில் முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்குப் போய், பிறகு ஃபேனுக்குக் கீழே இருந்த கடைசி வரிசைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பள்ளியில் கை தூக்கித் தூக்கியே தோள் வலிக்கிறது என்று கிண்டல் வாங்கியவள், கேள்வி வந்தால் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன்.

எங்களுக்குப் புள்ளியியல் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் மட்டுமாவது நான் நானாக இருப்பேன் என்று நம்பினேன். ஒரு நாள் கரும்பலகையில் ஒரு கணக்கை முடிக்கக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு சாதாரண வகுத்தலைத் தப்பாகச் செய்துவிட்டேன். ஐயாவே திருத்திவிட்டார். நான் சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கடையில் பாக்கிச் சில்லறை வாங்கும்போதுகூட போனில் கால்குலேட்டரைத் திறந்து பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. பிடிக்காத பாடத்தில் தோற்றால் அந்தப் பாடம் மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது நன்றாகத் தெரிந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இந்த நிலைமையில் கல்லூரிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு பத்து வருஷம் கழித்து நம்மை நாமே பார்க்கச் சொன்னார். மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் ஃபேன் சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் இருந்த என் அறைத்தோழி, “எனக்கு பிரியாணி தெரியுதுடீ” என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்திலேயே தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பெண். அவளும் வேறு எதுவும் கிடைக்காமல்தான் இங்கே வந்தாள். ஆனால் வந்த இடத்தில் அவளுக்குப் பூச்சிகள் பிடித்துப்போயின. வண்டைப் பார்த்தால் குழந்தையைப் பார்த்தவள்போலக் குனிந்துவிடுவாள். அவளைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். தப்பான பஸ்ஸில் ஏறினாலும் சிலருக்கு ஜன்னலோர சீட் கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் வருஷம் பூச்சியியல் வந்தது. ஆளுக்கொரு மரப்பெட்டி, உள்ளே தெர்மாகோல், மேலே கண்ணாடி, மூலையில் அந்துருண்டை. வலையில் பூச்சி பிடித்து, மருந்தில் நனைத்த பஞ்சு வைத்த அகல வாய் பாட்டிலுக்குள் போட்டு மூட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு ஊசி குத்தி, பெயர் எழுதி, வரிசையாக வைக்க வேண்டும். வருஷக் கடைசியில் அதற்கு மதிப்பெண். எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதை மூடி திறக்காமலே பையின் அடியில் போட்டுவைத்தேன்.

பாடம் எடுத்த மேடத்திடம் போய் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். நல்ல மனுஷி. “செத்துக் கெடக்குறத எடுத்துக்கோம்மா. தெரு விளக்குக் கீழ நெறைய விழும். பெட்டி நெறையணும், அவ்வளவுதான்” என்றார்.

அதன்பிறகு குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். விளக்குக் கம்பத்தின் கீழே, ஹாஸ்டல் ஜன்னல் திட்டில், வீட்டுக்கு வந்தால் கோயில் மண்டபத்து மூலையில். கிடைத்ததெல்லாம் பாதிப் பூச்சிகள். ஒரு றெக்கை இல்லாத தும்பி, மீசை போன வண்டு, எறும்பு தின்று கூடான வெட்டுக்கிளி. பெட்டியை எட்டிப் பார்த்த என் தோழி கேட்டாள்: “எல்லாம் ஆக்சிடென்ட் கேஸாடீ?”

இன்னொரு நாள் அவளே சீண்டினாள். “உங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவாங்களா?”

“கட்டுவாங்க.”

“ஒரு பொடவைக்கு எத்தினி பூச்சிய உசுரோட வேக வெக்கிறாங்கன்னு தெரியுமா?”

“தெரியும். நெய்ஞ்சது உங்கப்பாதானே.”

“நெய்ஞ்சதுதான்டீ எங்கப்பா. வேக வெச்சது வேற ஆளு” என்று அவள் கையை விரித்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வருஷத்தில் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

நான் பூச்சி கொல்ல மாட்டேன் என்றதும், மார்க் குறைகிறது என்பதும் வீட்டில் தெரிந்தபோது விஷயம் வேறு மாதிரி ஆனது. அத்தை கோயிலில் நாலு பேர் நடுவில், “படிப்பே போனாலும் பரவாயில்லன்னு தருமத்த விடல, எங்க பொண்ணு” என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அது உண்மை இல்லை. அதாவது, பூச்சியைக் கொல்ல எனக்கு மனம் வராது என்பது உண்மை. ஆனால் நான் தேய்ந்துகொண்டிருந்தது அதனால் இல்லை. காகிதத்தில் செய்த பூச்சிகளை அடுக்கச் சொல்லியிருந்தாலும் நான் இப்படித்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நான் படிக்க முடியாமல் தவிப்பதற்கு எல்லாருமாகச் சேர்ந்து ஓர் உயர்ந்த காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த சாதாரணக் காரணம் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பருவத்தில் இரண்டு பாடத்தில் தோற்றேன். ரிசல்ட் போனில் வந்தபோது ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுவது. இந்தப் படிப்பை விட்டுவிடுகிறேன், அடுத்த வருஷம் கணிதத்தில் சேர்கிறேன், ஒரு வருஷம் போனால் போகட்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே வந்தேன்.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “வா, வா, ஒண்ணு காட்றேன்” என்று பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே வைக்கோல்மேல் புதிதாக ஒரு மரப்பெட்டி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார். உள்ளே வரிசை வரிசையாகப் பூச்சிகள். முழு றெக்கையோடு தும்பிகள், பச்சை மின்னும் பொன்வண்டு, பட்டாம்பூச்சிகள். எங்கள் கழனிக்கு மருந்து அடிப்பவர்தான் செய்திருக்கிறார். எப்படிக் கொல்வது, எப்படிக் குத்துவது என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாராம். பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில் ஓட்டை. அதற்குள் பெரிய காண்டாமிருக வண்டு ஒன்று உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியாகக் கிடைத்தது, குத்த நேரமில்லை, நாளைக்கு எடுத்துப்போய் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“வூட்டுக்குள்ள எதையும் எடுத்தாரல” என்றார் அப்பா. “எல்லாம் அவர் வூட்லயே முடிச்சி எடுத்தாந்தாரு. நீ தொடவே தேவையில்ல. பெட்டிய அப்படியே குடுத்துடு. மருந்து அடிக்கிற அன்னிக்கு நான் இன்னா பண்றேன்? அந்தப் பக்கம் போறதில்ல. அதே மாதிரிதான்.”

அவர் எனக்காக எத்தனை நாள் யோசித்து, எவ்வளவு தயங்கி இதைச் செய்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தோம். கூடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. நான் பேச ஆரம்பித்தேன். உதட்டுக்குள் சொல்லிவந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். ரெண்டு பேப்பர் போய்விட்டது என்றும் சொன்னேன்.

அப்பா சமாதானமாகச் சொன்னார்: “அதான் பெட்டி வந்துட்ச்சே. இனிமே இன்னா?”

“பெட்டி இல்லப்பா. எனக்கு அந்தப் படிப்பே வரல. புடிக்கல.”

“பாவம் பண்ணணுமேன்னு பயந்துக்கினு படிச்சா எப்படி வரும்?” என்றாள் அம்மா. “சின்ன வயசுலயே எறும்பு வரிசையத் தாண்டித்தான் போவா. அவ மனசு அப்படி.”

“பூச்சிக்காக இல்லம்மா.”

“நீ ஒத்துக்க மாட்ட. எங்களுக்குத் தெரியாதா?”

மூன்று தடவை, நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் பேச்சை அவர்கள் ரொம்பப் பிரியமாக, கை கால் பிடித்துத் திருப்பி, அந்தத் தருமத்தின் மடியிலேயே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் மோசமானவள் இல்லை, நல்லவள், அதனால்தான் இப்படி என்று திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து கொட்டகைக்குப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் பையைக் கவிழ்த்து, கல்லூரியில் கொடுத்த பாட்டிலை எடுத்துத் திறந்தேன். மருந்து வாடை மூக்கில் ஏறியது. நான் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்குப் புரிவதற்குள் வண்டை அதற்குள் தள்ளி மூடியைத் திருகிவிட்டேன். அந்தக் கூடத்தில் ஓர் உயிர் வேண்டுமென்றே கொல்லப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“பாத்துக்கங்க. தருமத்துக்காக இல்ல. போதுமா?”

வண்டு கண்ணாடியில் கால் வைத்து ஏறப் பார்த்தது. வழுக்கி விழுந்தது, மறுபடி ஏறியது. அது அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பூஜை அறைப் பக்கம் போய்விட்டாள். மூடியைத் திறந்துவிடலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. திறந்தால் அவர்கள் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணீர் மட்டும் வந்தது, அதை என்னால் கட்ட முடியவில்லை.

அப்பா பாட்டிலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டு கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் ஆன பிறகு எழுந்து வந்தார். இப்போதாவது புரிந்துகொண்டிருப்பார், திட்டுவார், விட்டுத் தொலை என்பார் என்று காத்திருந்தேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

“எனக்காவத்தானே இதையும் பண்ண? எனக்குத் தெரியும்மா. அந்தப் பாவம் எனக்கு வரட்டும். உனக்கு வேணாம். நீ படி.”

எங்கள் சமயத்தில் ஒருவர் செய்த வினையை இன்னொருவர் வாங்கிக்கொள்ள வழியே கிடையாது. மகனாக இருந்தாலும், மகளாக இருந்தாலும், அவரவர் செய்தது அவரவரோடு. சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். அது தெரிந்த மனிதர், தெரிந்தே அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு கணிதம் என்ற சொல்லை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

திங்கட்கிழமை காலை என்னை பஸ் ஏற்றிவிட அப்பாவே வந்தார். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தார். பஸ் வந்ததும் அதைத் தூக்கி என்னிடம் கொடுத்து ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஒக்கார எடம் கெடச்சிச்சா?” என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.